தண்டுவடம் முறிந்தவரைத் தொட்ட கைகள்

மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது. பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு விலாசம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். கூலாயில் ஒருவர் நன்றாக உருவி விடுவாராம். கோத்தா திங்கியில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் ஊருட் செய்தால் படுத்தவர் எழுந்துவிடுவாராம். ஊரிலிருந்து தைலம் வரவழைக்கலாமாம். சொல்பவர் எவரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேட்கும் தாய்க்கோ அவற்றில் ஒன்றைக்கூடத் தட்டிவிட மனம் வராது. ஸ்கூடாய், மாசாய், உலு திராம் என்று ஜொகூரின் எந்தத் தாமானிலும் இந்தப் பேச்சு புதிதல்ல.

உருவி விட்டால் நடப்பானா? இந்தக் கேள்விக்கு நேரான பதில், இல்லை என்பதுதான். அறுந்த தண்டுவடத்தை எந்தக் கையும் ஒட்டவைத்ததில்லை. சுண்டுவிரல் பருமனில், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளத்தில், முதுகெலும்புக்குள் பத்திரமாகக் கிடக்கும் நரம்புத் திரள் அது. மூளையின் கட்டளை கால்களுக்குப் போவதும், கால் சுடுகிறது என்ற செய்தி மூளைக்கு வருவதும் அதன் வழியாகத்தான். அது நசுங்கிப் போனபின் காலில் உள்ள தசையைப் பிசைவது, மின்சாரம் துண்டிக்கப்பட்ட வீட்டில் விளக்கைத் துடைத்துப் பார்ப்பதைப் போன்றது. விளக்கில் பழுது இல்லை. கம்பியில்தான் பழுது.

அப்படியானால் உருவி விட்டுக் குணமானவர்கள் கதை பொய்யா? பொய்யும் அல்ல. தண்டுவடம் முழுதாகச் சேதமடையாமல் ஓரளவே அடிபட்டவர்களுக்கு, முதல் சில மாதங்களில் வீக்கமும் அதிர்ச்சியும் தணியத் தணிய உணர்வும் அசைவும் ஓரளவு தாமாகவே திரும்பும். அந்த மாதங்களில் யார் கை பட்டதோ அவருக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. திரும்பாதவர்களின் வீடுகளில் அதே கைக்குக் கொடுத்த பணத்தை யாரும் ஊர் அறியப் பேசுவதில்லை.

ஆனால் தண்டுவடக் காயத்தின் வரலாற்றில் கைக்கு இடமே இல்லையா என்றால், அங்கேதான் கதை சுவாரசியமாகிறது. மென்திசுச் சிகிச்சை என்று இன்று சொல்லப்படும் வேலை, அதாவது தோல், தசை, தசைநார், மூட்டைச் சுற்றிய சவ்வு ஆகியவற்றைக் கையால் பேணும் வேலை, இவர்களை நடக்கவைக்கவில்லை. உயிரோடு வைத்தது.

எகிப்தில் கிடைத்த மிகப் பழைய அறுவை மருத்துவச் சுவடி ஒன்று உண்டு. 1862ஆம் ஆண்டு லக்சரில் அதை வாங்கிய எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கரின் பெயராலேயே அது வழங்குகிறது. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட அந்தச் சுவடியில் 48 நோயாளிகளின் நிலை விவரிக்கப்பட்டுள்ளது. கழுத்தெலும்பு விலகியவருக்குக் கைகால் உணர்வு போவதும், சிறுநீர் தானாகச் சொட்டுவதும் அன்றே துல்லியமாகக் கவனிக்கப்பட்டிருக்கின்றன. கவனித்த மருத்துவர் முடிவில் அந்த நோயாளியைச் சிகிச்சைக்கு உரியவர் அல்லர் என்ற வரிசையில் சேர்த்துவிட்டார். அந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டு வரை பெரிதாக மாறவில்லை.

இதே காலமெல்லாம் உருவும் கலை மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. சித்த மருத்துவம் அதைத் தொக்கணம் என்றது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதில் ஒன்பது வகை வகுத்தது. தென்குமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் அடிபட்டவரைத் தைலமிட்டுத் தடவும் முறையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். ஐரோப்பாவில் பெர் ஹென்ரிக் லிங் என்பவர் 1813ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றைத் தொடங்க, அங்கிருந்து மருத்துவ உடற்பயிற்சி மற்ற நாடுகளுக்கும் பரவியது.

லண்டனில் அந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்தது. மசாஜ் என்ற பலகைக்குப் பின்னால் வேறு வியாபாரம் நடக்கிறது என்று 1894ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழே எழுதியது. (நூறு ஆண்டுக்கு மேலாகியும் இந்தச் செய்தி பத்திரிகைகளுக்குப் பழையதாகவில்லை.) அதே ஆண்டில் நான்கு தாதியர் கூடி, முறையாகப் பயின்றவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துத் தேர்வு வைத்தார்கள். 1920ஆம் ஆண்டு அரச சாசனம் பெற்ற அந்தச் சங்கம்தான் இன்றைய பிரிட்டிஷ் பிசியோதெரபி சங்கம். முதல் உலகப் போரில் காயமுற்ற படைவீரர்களின் மரத்துப்போன கைகால்களை மீட்கப் பாடுபட்டவர்களும் இத்தகைய பெண்களே.

இருந்தும் அந்தப் போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்தவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது தண்டுவடக் காயம் அல்ல. படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே கொன்றன. உணர்வில்லாத இடுப்பு ஒரே பக்கமாய் அழுந்திக் கிடக்க, அங்கே இரத்த ஓட்டம் நின்று, தோல் கறுத்து, சதை எலும்பு வரை அழுகி, நச்சு இரத்தத்தில் ஏறிவிடும். நோயாளிக்கோ அது வலிப்பதே இல்லை.

ஜெர்மனியில் 1917ஆம் ஆண்டு லுட்விக் குட்மன் என்ற இளைஞர் ஒரு மருத்துவமனையில் தொண்டூழியராக இருந்தார். முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரை அங்கே கொண்டுவந்தார்கள். குறிப்பெடுக்க வந்த குட்மனிடம், இவருக்காக மெனக்கெட வேண்டாம், சில வாரத்தில் போய்விடுவார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்படியே நடந்தது. யூதரான குட்மன் பின்னர் நரம்பியல் மருத்துவராகி, ஹிட்லர் ஆட்சியில் வேலையிழந்து, 1939ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி, ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் திறக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அவர் செய்தது என்ன? புதுமருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. நோயாளிகளை மாவுக்கட்டுப் படுக்கையிலிருந்து வெளியே எடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்டிப் படுக்கவைக்க உத்தரவிட்டார். நடுநிசியில் தாமே வார்டுக்குப் போய்ச் சரிபார்த்தார். சிறுநீர்ப் பையைத் தூய்மையாகக் கவனிக்கச் செய்தார். உணர்விழந்த மூட்டுகளைத் தினமும் கையால் மடக்கி நீட்டவைத்தார். சாகவேண்டியவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்கு வேலையும் விளையாட்டும் வேண்டும் என்றார். 1948ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி மருத்துவமனைப் புல்வெளியில் 16 பேர் சக்கர நாற்காலியிலிருந்தபடி அம்பெய்தார்கள். இன்றைய பாராலிம்பிக் அங்கிருந்து பிறந்ததே.

மசாஜ் என்ற சொல்லைப் பெயரில் சுமந்திருந்த அந்தத் தாதியர் சங்கம், பிசியோதெரபி சங்கம் என்று பெயர் மாற்றிக்கொண்டதும் அதே 1944ஆம் ஆண்டில்தான். கையின் வேலை தேய்ப்பது மட்டுமல்ல என்று அந்தத் தொழிலே முடிவு செய்துவிட்டது.

குட்மன் செய்ததை இங்கிலாந்தில் செய்யலாம், வார்டில் தாதியர் இருக்கிறார்கள். தாதியரே அரிதான நாட்டில் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் தமிழ்நாட்டில், வேலூரில் வாழ்ந்தார்.

மேரி வர்கீஸ் கேரளத்தின் செறாயில் 1925ஆம் ஆண்டு பிறந்தவர். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்று அங்கேயே பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். 1954ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி இளம் மருத்துவர்கள் உல்லாசப் பயணம் புறப்பட்ட வண்டி கவிழ்ந்தது. முகத்தில் ஆழ்ந்த வெட்டு. தண்டுவடம் சேதமடைந்து இரண்டு கால்களும் போயின. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. மருத்துவர் என்பதால் தமக்கு என்ன நேர்ந்தது என்பதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையிலும் அவர் இல்லை.

அந்த மருத்துவமனையில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவைகளுக்கு அவர் பெயர்பெற்றவர். கையில் செய்யும் அந்த நுணுக்கமான அறுவையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். நின்றுகொண்டு செய்யும் வேலைகளை இழந்த மேரிக்கு அந்த நாற்காலியை அவர் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மேரி தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்தத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக உலகமே நம்பியிருந்தபோது, அப்படியல்ல என்று பிராண்ட் வேலூரில் கண்டார். வலி தெரியாததால் சூட்டுப் பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு வேலை செய்கிறார்கள், காயம்மேல் காயம் பட்டு விரல் குறைகிறது. வலி என்பது தண்டனை அல்ல, காவல் என்பது அவர் வாதம். மேரி அறுத்துத் தைத்த கைகள் வலி அறியாதவை. அவர் உட்கார்ந்திருந்த உடலின் கீழ்ப்பாதியும் வலி அறியாதது. தொழுநோயாளிக்கு விரலில் நடப்பது, தண்டுவடம் போனவருக்குப் பிட்டத்திலும் குதிகாலிலும் நடக்கிறது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே உடலோடு உணர்ந்த மருத்துவர்கள் உலகில் அதிகம் இருந்திருக்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மேரி தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். தம்மைத் தாமே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொள்வது முதலான அன்றாடக் காரியங்களை அங்கே கற்றார். பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய மறுவாழ்வுக் கழகத்தில் மருத்துவராகவே பயின்று அமெரிக்கத் தேர்விலும் தேறினார். 1963ஆம் ஆண்டு வேலூர் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். 1966ஆம் ஆண்டு வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அத்தகைய நிலையங்களுக்கு அது முன்னோடி. 1972ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986ஆம் ஆண்டு மறைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது.

தாதியர் குறைவு என்ற கேள்விக்கு வேலூரின் விடை, வீட்டார். நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் வந்து தங்க வேண்டும். புரட்டுவது, மூட்டை அசைப்பது, தோலைப் பார்ப்பது எல்லாம் அவருக்குக் கற்றுத் தரப்படும். அம்மாவோ தம்பியோ மனைவியோ தாதியாகிறார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நோயாளிக்கே அது கற்றுத் தரப்படும். நீண்ட கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடி போதும், தம் முதுகையும் பிட்டத்தையும் காலையும் மாலையும் தாமே பார்த்துக்கொள்ளலாம். வலி பார்த்த காவல் வேலையைக் கண் பார்க்கிறது.

தென்காசி அருகே ஆய்க்குடியிலும் இன்னொரு வரலாறு உண்டு. எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் தேதி, பெங்களூரில் கடற்படை அதிகாரிகள் தேர்வுக்கான உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். இராணுவ மருத்துவமனையில் தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981ஆம் ஆண்டு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பிள்ளைகள் சிலரோடு ஆரம்பித்தது, பின்னர் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவும் கொண்ட பெரிய நிலையமாக வளர்ந்தது. 2020ஆம் ஆண்டு அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கழுத்துக்குக் கீழே அசையாத ஒருவர் இத்தனை ஆண்டு உழைத்ததற்குப் பின்னால், தினமும் அவரைப் புரட்டி, துடைத்து, உட்காரவைத்த கைகள் எத்தனை என்று யாரும் எண்ணிவைக்கவில்லை.

இனி அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அது சொல்வது சிலருக்குக் கசக்கும். மூட்டு இறுகாமலிருக்கத் தினமும் நீட்டிவிடும் பயிற்சி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, 2010ஆம் ஆண்டும் 2017ஆம் ஆண்டும் காக்ரேன் அமைப்பு மதிப்பீடு வெளியிட்டது. ஏழு மாதத்துக்குக் குறைவாகச் செய்யப்படும் நீட்டுதலால் நரம்புக் கோளாறு உள்ளவர்களின் மூட்டு அசைவில் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை என்பது அதன் முடிவு. அதற்காக அசைப்பதையே விட்டுவிடலாம் என்று பொருள் அல்ல. ஆண்டுக்கணக்கில் அசைக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை. மசாஜ் பற்றி 2002ஆம் ஆண்டு மயாமியில் கழுத்துப் பகுதியில் அடிபட்ட 20 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் இரண்டுமுறை, ஐந்து வாரம் உருவி விடப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது, கைத்தசை வலுவும் மணிக்கட்டு அசைவும் கூடின என்றது அது. நல்ல செய்திதான். ஆனால் இருபது பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை.

மென்திசுவைப் பற்றி வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. சில இடங்களில் இறுக்கமே வரம். கழுத்தில் அடிபட்டு விரல்களை மடக்க முடியாமல், ஆனால் மணிக்கட்டை மட்டும் மேலே தூக்க முடிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மணிக்கட்டைத் தூக்கும்போது, விரல்களை மடக்கும் தசைநார் சற்றே குட்டையாக இருந்தால், விரல்கள் தாமாக மடங்கி ஒரு பிடி கிடைக்கும். அந்தப் பிடியில் கரண்டி பிடிக்கலாம், கோப்பை தூக்கலாம். விவரம் அறிந்த பிசியோதெரபிஸ்டு அந்தத் தசைநாரை வேண்டுமென்றே நீளவிடாமல் காப்பார். நல்லெண்ணம் கொண்ட உறவினர் ஒருவர் வந்து, விரல் மடங்கிக் கிடக்கிறதே என்று மணிக்கட்டையும் விரல்களையும் சேர்த்துப் பின்னால் வளைத்து உருவி உருவி நிமிர்த்திவிட்டால், அந்தக் கரண்டியும் போயிற்று.

நம் நாட்டுக்கு வருவோம். தோட்டப்புறக் காலத்தில் அடிபட்ட தொழிலாளிக்குத் தோட்ட ஆஸ்பத்திரியும் டிரெசரும்தான். 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு தொகையைக் கொடுத்தது. அதன்பின் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பாடு. 1971ஆம் ஆண்டு சொக்சோ வந்தபின்தான் மாதாமாதம் கிடைக்கும் உதவி என்ற ஏற்பாடு பிறந்தது. மறுவாழ்வு மருத்துவம் தனித்துறையாக நிலைபெற இன்னும் காலம் பிடித்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்கான முதுகலைப் பயிற்சி 1997ஆம் ஆண்டு தொடங்கியது. செராஸ் மறுவாழ்வு மருத்துவமனை 2012ஆம் ஆண்டிலும், மலாக்காவில் சொக்சோவின் துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014ஆம் ஆண்டிலும் வந்தன. மலேசியாவில் தண்டுவடக் காயத்துக்குச் சாலை விபத்துகளே முதல் காரணம். அடிபடுபவர்களில் பலர் சம்பாதிக்கும் வயதில் இருப்பவர்கள்.

ஊருட் கலையை அரசாங்கம் ஒதுக்கிவிடவும் இல்லை. 2007ஆம் ஆண்டு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையிலும், அதையடுத்துப் புத்ராஜெயாவிலும் ஜொகூர் பாரு சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிலும் பாரம்பரிய மருத்துவப் பிரிவுகள் திறக்கப்பட்டன. நாள்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்திய பராமரிப்புக்கும் அங்கே மலாய் மரபு உருவுதல் அளிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இத்துறையில் இருப்பவர்கள் பதிவுபெறுவதற்கு வழி செய்தது. ஆகவே உருவுபவரை வீட்டுக்குள் விடலாமா கூடாதா என்பது கேள்வி அல்ல. விட்டால் அவரிடம் என்ன சொல்லவேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலாவது, சூடான எண்ணெயும் ஒத்தடமும் உணர்வில்லாத இடத்தில் கூடவே கூடாது. கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டதே தெரியும். பிட்டத்திலோ குதிகாலிலோ தோல் சிவந்திருந்தால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, அழுத்தத்தை அகற்றிவிட்டு விட்டுவிட வேண்டும். ஒரு காலின் ஆடுதசை மட்டும் திடீரென வீங்கிச் சூடாக இருந்தால் உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். பிசைந்தால் அந்த உறைவு நகர்ந்து நுரையீரலை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. அந்தக் காலோடு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும். ஆண்டுக்கணக்கில் எடை தாங்காத கால் எலும்பு மெலிந்திருக்கும். முறுக்கினால் முறியும், முறிந்ததும் தெரியாது. மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ அடிபட்டவருக்கு உருவும்போது திடீரென்று தலைவலி இடித்து, முகம் சிவந்து வியர்த்தால், இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். உடனே நிறுத்தி நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, அடங்காவிட்டால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும்.

இத்தனையும் கேட்டபின், அப்படியானால் எங்கேதான் கைவைப்பது என்று உருவ வந்தவர் கேட்கக்கூடும். தோளிலும் கழுத்திலும் வைக்கலாம். கால்கள் செய்த வேலையையெல்லாம் இப்போது செய்வது அந்தத் தோள்கள்தான். நாற்காலிச் சக்கரத்தைத் தள்ளியும், உடலைத் தூக்கிக் கட்டிலுக்கும் காருக்கும் மாற்றியும் ஆண்டுகள் போகப்போக அவை தேய்ந்து நோகும். அங்கே உணர்வு இருக்கிறது. எங்கே வலிக்கிறது, எவ்வளவு அழுத்தலாம் என்று அவரே சொல்வார்.